சீராய் வந்த சுவர்

ஏற்காடு
25.2.2024

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மையார் புஷ்பலதா அவர்களுக்கு,

அருள்சாமி எழுதுவது. இறையருளால் இங்கே நால்வரும் நலம். நால்வர் என்று எழுதும்போதே என் நெஞ்சு நிமிர்கிறது. நானும் என் துணைவி லூர்துசெல்வியும் மட்டும் இருந்த வீட்டில், பேறுகாலத்துக்கு வந்த மகள் ஜெஸ்லினும், அவள் பெற்ற ஃபெபியும் இப்போது நிறைந்திருக்கிறார்கள். நீங்களும் மாப்பிள்ளை ஜோஸ்வாவும் வந்து பார்த்துச் சென்ற நாளில் கண் திறக்காமலே கிடந்த குழந்தை, இன்று விளக்கைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது. தங்கள் மூட்டுவலி எவ்வாறு உள்ளது?

தொலைபேசி இருக்கையில் மடல் எதற்கு என்று லூர்துசெல்வி கேட்டாள். ‘சாப்டீங்களா?’ ‘ஆச்சுங்க.’ ‘மழைங்களா?’ ‘இல்லீங்க.’ இதற்கு மேல் சம்பந்திகள் தொலைபேசியில் பேசி நான் கேட்டதில்லை. பெண்ணைக் கொடுத்த வீடும் கொண்ட வீடும் இவ்வளவுதானா பேசிக்கொள்ள வேண்டும்?

ஒன்றைக் கேட்டு முடிக்கிறேன். சென்ற ஆண்டு சூலையில் நான் அனுப்பிய சீர் எப்படி இருக்கிறது? என் காப்பித் தோட்டத்தில் மிளகுக்கொடி சுமந்து நின்ற சில்வர் ஓக் மரங்களை அறுத்துப் பலகையாக்கி, லாரிக்கு மாலை சூட்டி, தரங்கம்பாடிக்குக் கொண்டுவந்து, உங்கள் வீட்டின் கடல் பார்த்த சுவர் முழுவதும் ஈ நுழைய இடுக்கின்றி என் கையாலேயே அறைந்தேன். எல்லோரும் நகை செய்வார்கள். மகளின் வீட்டுக்குச் சுவரே சீராகச் செய்தவன் இந்த மலையில் நான் ஒருவனே. கடற்காற்றை என் மரம் எப்படித் தாங்குகிறது? அறிய விரும்புகிறேன்.

அன்பும் வணக்கமும்,
ம. அருள்சாமி


தரங்கம்பாடி
9.3.2024

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

புஷ்பலதாவின் வணக்கம். தங்கள் மடல் கிடைத்தது. அன்றே இருமுறை படித்தேன். இங்கே எனக்கும் ஜோஸ்வாவுக்கும் உடல்நலத்தில் குறைவில்லை. மூட்டுவலி தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

மீன் விற்கும் பெண்கள் சங்கத்தில் இம்மாதம் பெரும் போராட்டம். ஏலக்கூடத்தில் எங்களுக்கு நிழல் வேண்டும் என்று கேட்டோம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார் அலுவலர். ‘ஐயா, பரிசீலனைக்குக் கீழே உட்கார்ந்து மீன் விற்க முடியாது, கூரைக்குக் கீழேதான் முடியும்’ என்றேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. கூரை வருகிறது.

ஜோஸ்வா பனிக்கட்டி ஆலையில் காலைப் பணிக்கு மாறியிருக்கிறான். தானே சமைக்கிறேன் என்று சொல்லி நாள்தோறும் இரசம் மட்டும் வைக்கிறான். குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துப் பார்த்து அதன் கண்ணாடியே தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

மூன்றாம் மாதம் முடிந்ததும் மருமகளையும் பேத்தியையும் அழைத்துவர எண்ணியிருக்கிறோம். ஏப்ரல் இறுதியில் வரலாமா? லூர்துசெல்வி அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

தாங்கள் கேட்டவற்றுக்கெல்லாம் விடை எழுதிவிட்டேன் என்றே நினைக்கிறேன்.

அனைவர்க்கும் அன்புடன்,
சூ. புஷ்பலதா


ஏற்காடு
28.3.2024

சம்பந்தி அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். மலையில் பூமழை பெய்தது. காப்பிச் செடிகள் ஒரே இரவில் வெள்ளாடை பூண்டு நிற்கின்றன. தோட்டத்தின் மணம் வீட்டுக்குள் வந்து குழந்தையின் தொட்டில் வரை நிற்கிறது. எல்லோரும் நலம். உங்கள் இருவர் நலத்துக்கும் ஞாயிறுதோறும் மன்றாடுகிறோம்.

கேட்டவற்றுக்கெல்லாம் விடை எழுதியதாகச் சொன்னீர்கள். ஒன்றுக்கு மட்டும் காணோம். சுவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நன்றாக இருப்பதைப் பற்றி என்ன எழுதுவது என்று விட்டிருப்பீர்கள் என எடுத்துக்கொண்டேன். பழுதில்லாத பல்லைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

ஏப்ரலில் அழைத்துச் செல்வது வேண்டாம். கோடை. கைக்குழந்தை அந்த வெக்கையைத் தாங்காது. ஜெஸ்லினுக்கும் சிறு இருமல். மே கழியட்டும்.

ஒரு நல்ல செய்தி. இன்னும் சில மரங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டின் வடக்குச் சுவருக்கும் பலகை அனுப்ப முடிவு செய்துவிட்டேன். அறுப்பு ஆலையில் சொல்லியாயிற்று. பேத்தி பிறந்த மகிழ்ச்சிக்கு இது கூடச் செய்யாவிட்டால் எப்படி?

அன்புடன்,
அருள்சாமி


தரங்கம்பாடி
3.4.2024

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். நலம் சொல்லவும் நலம் கேட்கவும் இன்று பொழுதில்லை, பொறுத்தருள்க. மடல் கண்ட அன்றே எழுதுகிறேன்.

மரங்களை அறுக்க வேண்டாம். வடக்குச் சுவருக்கு எதுவும் வேண்டாம். வடக்கே வேப்பமரம் இருக்கிறது. காற்று நேரே அடிப்பதில்லை. மேலும் அண்டை வீட்டாரின் சுவர் மிக நெருக்கம், ஏணி சாத்த இடமில்லை. மேலும் ஒரு வீட்டுக்கு ஒரு பக்கச் சீரே பெருமை. இரு பக்கம் என்றால் ஊர்க்கண் படும். மேலும் உங்கள் மிளகுக்கொடிகள் எதைப் பற்றி ஏறும்?

அறுப்பு ஆலைக்குத் தயவுசெய்து மறுப்புச் சொல்லிவிடுங்கள்.

மே கழிந்ததும் என்றால் சூன் முதல் வாரமா? நாள் குறித்து எழுதுங்கள். மீன்பிடித் தடைக்காலம் நெருங்குகிறது. ஆலையில் வேலை குறையும், ஜோஸ்வாவுக்கு விடுப்பும் எளிதாகக் கிடைக்கும்.

வணக்கத்துடன்,
புஷ்பலதா


ஏற்காடு
2.6.2024

சம்பந்தி அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். எல்லோரும் நலம். கோடை விழாக் கூட்டம் ஓய்ந்து ஊர் மூச்சு விடுகிறது.

வேண்டாம் என்பதற்கு நான்கு காரணங்கள் எழுதியிருந்தீர்கள். வேண்டும் என்றால் ஒரு காரணம் போதுமானது. வேண்டாம் என்பதற்குத்தான் நான்கு தேவைப்படுகிறது. அறுப்பை நிறுத்திவிட்டேன். கொடுக்கிறேன் என்பவனை மறுப்பது கொள்பவர் உரிமை.

குழந்தைக்குத் தடுப்பூசி உள்ளது. சூலையில் பார்ப்போம்.

அருள்சாமி


ஏற்காடு
14.7.2024

சம்பந்தியம்மாவுக்கு லூர்துசெல்வி எழுதிக்கறதுங்க.

நல்லா இருக்கீங்களா? மாப்பளை நல்லா இருக்காருங்களா? எனக்கு உங்களாட்ட, எங்க ஊட்டுக்காரராட்ட எழுத வராதுங்க. பேசறாப்புலயே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க. அவரு அடிவாரம் வரைக்கும் போயிருக்காரு. வாரதுக்குள்ள தபால்ல போட்டுரோணும்.

வெய்யிலு, இருமலு, ஊசின்னு அவரு எழுதுனதெல்லாம் சாக்குங்க. பொய்யின்னு அவருக்கே தெரியாது. ஜெஸ்லினு சொல்றத அவரு நம்பி எழுதறாரு. நாந்தான் ஒரு நாளு கதவச் சாத்தி வெச்சுக் கேட்டேன்.

உங்க மேலயோ மாப்பளை மேலயோ அவளுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. அந்தக் கெழக்கு ரூமு தானுங்க. போன மழையில பலகைக்கும் செவுத்துக்கும் நடுவுல தண்ணி போயி வெளிய வர வழியில்லாம நின்னுக்கிச்சாமுங்க. செவுரு ஊறிப் பூசணம் புடிச்சு, வயித்துப்புள்ளக்காரி நெஞ்சடச்சுக்கிட்டு ஒக்காந்தே தூங்குனாளாம். “பச்சப்புள்ளய அந்த ரூமுல நான் போட மாட்டேம்மா”ங்கறா. “அப்ப உங்கப்பங்கிட்டச் சொல்லு கண்ணு”ன்னேன். “அப்பா கையில அடிச்ச ஆணிம்மா, நான் எப்படிச் சொல்லட்டும்”னு நொம்ப அழுகறா. மாப்பளையக் கேட்டா, “சீரா வந்தத நாம கழட்டுனா மாமா மனசு ஒடைஞ்சு போயிரும், எங்கம்மாவும் விடமாட்டாங்க”ன்னாராம்.

நாஞ் சொன்னா ஊட்டுல இடி விழுகும். நீங்க மைக்கு புடிச்சா ஆபீசருங்க எந்திரிச்சு நிக்கறாங்கன்னு மாப்பளை பெருமையாச் சொல்லுவாரு. எஸ்டேட்டுல கணக்கெழுதி ரிட்டயர்டான எங்க ஊட்டு ரைட்டருகிட்டச் சொல்றதுக்கு உங்களுக்குத் தைரியம் வராதுங்களா?

இந்தக் காயிதம் வந்ததாக் காட்டிக்க வேண்டாமுங்க. பாப்பா குப்புறக் கவுந்துருச்சு. அதைய மட்டும் போன்ல சொன்னதா நெனச்சுக்கங்க.

லூர்துசெல்வி


தரங்கம்பாடி
28.7.2024

மதிப்பிற்குரிய சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

உடல்நலமும் உள்ளநலமும் உங்கள் இல்லத்தில் குறையாதிருக்க வேண்டுகிறேன். உள்ளநலம் இம்மடலைப் படித்தபின்னும் குறையாதிருக்க இன்னும் ஒருமுறை வேண்டுகிறேன்.

நீங்கள் பிப்ரவரியில் கேட்ட கேள்விக்கு இன்று விடை எழுதுகிறேன். சுவர் நன்றாக இல்லை.

பலகைகள் உப்பி வளைந்துவிட்டன. ஆணித் தலைகள் துருவாய்ப் பொரிந்து, ஒவ்வொன்றின் கீழும் பழுப்புக் கோடு வழிந்திருக்கிறது. அடிப்பலகை மண்ணைத் தொட்டு நின்றதால் கறையான் ஏறிற்று. மழைநீர் உள்ளே நுழைந்தது; நுழைந்தது வெளியேறவில்லை. கிழக்கு அறையின் உட்சுவரில் உள்ளங்கையை வைத்தால் கை நனைகிறது. ஆடி வெயிலிலும் நனைகிறது.

மரம் கெட்டதென்று சொல்லேன். உங்கள் மலையில் அது நல்ல மரம். உங்கள் கைவேலை குறையென்றும் சொல்லேன். அத்தனை நெருக்கமாய், அத்தனை நேராய் அறைந்த கை வேறு யாருக்கு உண்டு? ஆனால் அந்த நெருக்கமே பகையாயிற்று. மலையில் உங்கள் பகை பனி. அது வராதிருக்க இடுக்கையெல்லாம் அடைக்கிறீர்கள். இங்கே எங்கள் பகை உப்பு. அதை அடைத்து நிறுத்த எவராலும் ஆகாது. சன்னலை மூடினால் சாவித்துளையில் வரும். சாவித்துளையை மூடினால் உடுத்த துணியில் வரும். வந்ததை வெளியே அனுப்ப வழி விடுவது ஒன்றே நாங்கள் செய்யக்கூடியது. பலகைக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட வேண்டும். நீர் இறங்க வேண்டும். இறங்கிய நீர் வெளியேற வேண்டும்.

பிறகு ஏன் கழற்றவில்லை என்பீர்கள். எப்படிக் கழற்றுவேன்? சீராய் வந்த குடத்தைக் கூடக் கொடுத்தவர் அறியாமல் மாற்றலாகாது என்று வளர்க்கப்பட்டவள் நான். மாலை சூட்டி வந்த சுவரில் ஓர் ஆணியைப் பிடுங்கினால் உங்களையே பிடுங்கி எறிந்ததாக ஊர் பேசும். உங்கள் மகளும் அப்படித்தான் நினைப்பாள். ஏலக்கூடத்தில் நூறு பேர் நடுவே பேசும் இந்த வாய், இந்த ஒரு சுவரின் முன் அடைத்துக்கொண்டது.

ஆனால் சும்மா இருக்கவில்லை. சனவரியிலேயே கிணற்றடிச் சுவரில், கடலைப் பார்த்தபடி, துண்டு துண்டாய்ச் சிலவற்றை மாட்டி வைத்தேன். வண்ணம் பூசிய தகடு வெட்டிய ஓரத்திலிருந்து துருவேறிவிட்டது. நெகிழிப் பலகை சித்திரை வெயிலில் வில்லாய் வளைந்தது. சிமெண்டு நார்ப்பலகை நின்றது. அதிலும் வெட்டிய விளிம்புக்கு வண்ணம் பூசாதது சற்றே ஊதிற்று, நான்கு விளிம்பும் பூசியது அப்படியே நிற்கிறது. திருகாணிகளில் துருப்பிடிக்காத எஃகு ஒன்றே பிழைத்தது. பளபளவென்று வந்த துத்தநாகப் பூச்செல்லாம் பங்குனிக்குள் பல்லிளித்துவிட்டது.

ஐயா, என் பேத்தி அந்த அறையில் படுக்க வேண்டும். இது கொடுத்தவர் மானமும் கொண்டவர் மானமும் அல்ல. ஒரு குழந்தையின் மூச்சு. வாருங்கள். உங்கள் கையால் கழற்றுங்கள். வர இயலாதென்றால் ‘கழற்று’ என்று ஒரே ஒரு சொல் எழுதுங்கள்.

உங்கள் மீது கொண்ட மதிப்பு அணுவும் குறையாத,
சூ. புஷ்பலதா


தரங்கம்பாடி
1.9.2024

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். யாவரும் நலமென்று லூர்துசெல்வி அம்மா தொலைபேசியில் சொன்னார்கள். உங்களிடம் கொடுக்கச் சொன்னேன். ‘தோட்டத்துல இருக்காருங்க’ என்றார்கள். மூன்று முறையும் தோட்டத்திலேயே இருந்தீர்கள்.

உங்கள் அமைதியின் பொருள் எனக்குத் தெரியவில்லை. சினம் என்றால் அதையும் எழுதுங்கள், வாங்கிக்கொள்கிறேன். வடகிழக்கு மழை உங்கள் மானத்துக்காகவும் காத்திராது, என் மரியாதைக்காகவும் காத்திராது.

புஷ்பலதா


ஏற்காடு
15.9.2024

சம்பந்தி அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். உடலுக்கு ஒன்றுமில்லை. சினம்தான். இருந்ததை இல்லையென்று எழுத மாட்டேன்.

உங்கள் மடலை முதலில் கிழிக்க எண்ணினேன். பிறகு, ஒரு நண்பருக்காக விசாரிப்பதுபோல், எங்கள் ஊர் ஒண்டிக்கடை முக்கில் உள்ள அஃப்சலின் இரும்புக்கடைக்குப் போனேன். கடலோர வீட்டுச் சுவருக்குச் சிமெண்டு நார்ப்பலகை தாங்குமா என்று கேட்டேன்.

“சிநேகிதருக்குங்களா ரைட்டரே?”

“ஆமாப்பா.”

“அந்தச் சிநேகிதரு போன வருசம் லாரிக்கு மால போட்டு இந்தக் கடை முன்னாலதானுங்க போனாரு. ஆணி கூட என்கிட்டத்தான் வாங்குனாரு. கடலுக்கு இந்த ஆணி ஆகாதுங்கன்னு அப்பவே சொன்னேன். ‘நீ மலையில பொறந்தவன், உனக்குக் கடலப் பத்தி என்னடா தெரியும்’னு என்னையே கேட்டாருங்க!”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் மலையில் பிறந்தவனே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து ஜெஸ்லினைக் கேட்டேன். சென்ற மழையில் மூச்சடைத்து உட்கார்ந்தே உறங்கியதைச் சொன்னாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். “சொல்லியிருக்கலாமே கண்ணு” என்றேன். “எப்படிப்பா? நீங்க குடுத்த சீர நானே நொட்டை சொன்னா அங்க உங்க மருவாதி என்னாவறது?” என்றாள். லூர்துசெல்வி அடுப்பைப் பார்த்தபடியே, “எல்லாருக்கும் தெரியுமுங்க, உங்குளுக்குத் தவுர” என்றாள்.

அம்மையாரே, பலகை கெட்டது எனக்குப் பெரிதில்லை. மரம் போனால் மரம் வரும். மகள், மருமகன், மனைவி, நீங்கள், நால்வரும் ஓராண்டு வாய் திறக்காமல் இருந்தீர்கள். நீங்கள் நால்வரும் என்னைக் காத்தீர்களா, எனக்கு அஞ்சினீர்களா? இதைத்தான் இத்தனை நாள் தோட்டத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். காத்ததென்றால் நன்றி. அஞ்சியதென்றால், மூச்சடைத்துப்போன என் மகள் தகப்பனிடம் சொல்ல அஞ்சினாள் என்றால், இதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

அக்டோபர் முதல் வாரம் வருகிறேன். நான் அறைந்ததை நான் பிடுங்குவேன். ஆனால் ஒரு வேண்டுகோள். புதிய பலகைகளும் என் சீராகவே வர வேண்டும். அதையாவது மறுக்காதீர்கள்.

அருள்சாமி


தரங்கம்பாடி
22.9.2024

சம்பந்தி ஐயா அவர்களுக்கு,

நீங்கள் நெடுநாள் நலமாக வாழ வேண்டும். இன்று அதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

அஞ்சினோமா காத்தோமா என்று கேட்டீர்கள். மற்ற மூவருக்காக நான் பேச இயலாது. நான் அஞ்சினேன். ஆனால் உங்களுக்கு அல்ல. பெண் கொண்ட வீடு குறை சொன்னது என்ற பெயருக்கு.

சீரை மறுக்கிறேன். நான்கு காரணம் சொல்லமாட்டேன், ஒன்றே சொல்கிறேன். கடற்கரையில் சுவர் என்பது ஒருமுறை எழுப்பி வணங்கி நிற்கும் பொருளன்று. ஆண்டுதோறும் நன்னீர் ஊற்றி உப்பைக் கழுவ வேண்டும். ஒரு பலகை தளர்ந்தால் கழற்ற வேண்டும். ஒரு திருகாணி கெட்டால் மாற்ற வேண்டும். சீராய் வந்தால் எங்கள் கை மறுபடியும் கட்டுண்டு போகும். ஆகவே இம்முறை பலகை எங்கள் வீட்டுப் பொருளாகவே இருக்கட்டும். ஜோஸ்வா வாங்கிவிட்டான்.

உங்களிடம் நான் கேட்பது உங்கள் கண்ணை. நேர் பிடிப்பதில் உங்களுக்கு நிகரில்லை. சுவரின் ஈரம் காய்ந்த பின் அலுமினியச் சட்டங்களை நெடுக்காக நிறுத்த வேண்டும், அதன்மேல்தான் பலகை. கீழிருந்து மேலாக, மேற்பலகை கீழ்ப்பலகையின் தலையை மூடும்படி. அடியில் ஒரு சாண் மண்ணைத் தொடாமல் நிற்க வேண்டும். வளையாமல் வரிசை கட்ட இங்கே ஒருவருக்கும் வராது. ஜோஸ்வாவுக்கு நேர்கோடு என்றால் அலைதான்.

கடப்பாரை இங்கே இருக்கிறது. வெறுங்கையோடு வாருங்கள், போதும்.

புஷ்பலதா


ஏற்காடு
18.10.2024

சம்பந்தி அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். நலமாக மலையேறிவிட்டேன். நீங்கள் கட்டிக்கொடுத்த கருவாட்டை அடிவாரத்துக்கு வருமுன்பே பேருந்து முழுவதும் முகர்ந்துவிட்டது. நடத்துநர், “பெரியவரே, அடுத்த தடவ எனக்கும் ஒரு பொட்டலம்” என்றார்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். முதற்பலகையைப் பெயர்த்தபோது பின்னாலிருந்து வந்த வாடை இன்னும் என் மூக்கில் நிற்கிறது. அந்த வாடையில்தான் என் மகள் உட்கார்ந்தே உறங்கினாள். நீங்கள் அப்போது எனக்குத் தேநீர் நீட்டினீர்கள். ஒன்றும் சொல்லாமல் நீட்டியதற்கு நன்றி.

மாப்பிள்ளையோடு நான் போட்ட சண்டையை மறந்துவிடுங்கள். அடியில் விட்ட இடைவெளியை மூடாமல் போக என் கை ஒப்பவில்லை. “மாமா, கைய எடுங்க! அதான் சுவரோட மூக்கு. பொத்துனா செத்துப்போவும்” என்று கத்தினார். “எலி வருமேப்பா” என்றேன். “வலை அடிக்கிறேன் மாமா, வலையில எலி வராது, காத்து வரும். உங்க மலையில காத்துக்குக் கூட கதவு போடுவீங்க போல!” என்றார். இதுவரை என் முன்னால் உட்காரவும் தயங்கிய பிள்ளை. அன்று அவர் திட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது செய்தி. ஜெஸ்லினிடம் எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். “ஒரு மழை போகட்டும்பா. அத்தைய செவுத்துல கைய வெச்சுப் பாத்து எழுதச் சொல்லுங்க. காஞ்சிருந்தா நானும் பாப்பாவும் போறோம்” என்றாள். அவள் சொன்னதில் குற்றம் காண எனக்கு வாய் இல்லை.

எனவே உங்களைப் போலவே நானும் மழைக்குக் காத்திருக்கிறேன். மழையைப் பார்த்து நடுங்கவும் முடியவில்லை, வராதே என்று வேண்டவும் முடியவில்லை.

அன்புடன்,
அருள்சாமி


தரங்கம்பாடி
16.11.2024

அன்புள்ள சம்பந்தி ஐயாவுக்கும் லூர்துசெல்வி அம்மாவுக்கும்,

எல்லோரும் நலம். இம்முறை அந்தச் சொல்லுக்குள் எத்தனை பேர் என்பது உங்களுக்கும் தெரியும்.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்தது. இங்கே மழை மேலிருந்து விழாது ஐயா, கடலிலிருந்து படுக்கையாய் வரும். கிழக்குச் சுவரை முகத்தில் அறைவதுபோல் அறைந்தது. நான் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன், சுவரைத் தொடவில்லை. முதல் நாள் தொட்டு எழுதினால் அவசரமென்று ஜெஸ்லின் எண்ணுவாள். மூன்றாம் நாள் தொட்டு எழுதலாம் என்றிருந்தேன். மையும் தாளும் எடுத்து வைத்திருந்தேன்.

வியாழன் காலை வாசலில் ஆட்டோ வந்து நின்றது. கொட்டுகிற மழையில் குழந்தையை மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொண்டு உங்கள் மகள் இறங்குகிறாள். மடலில் எழுதிச் சொல்லுங்கள் என்றவள், மடலுக்குக் காத்திராமல் வந்து நிற்கிறாள். “அத்தை, பாப்பாவப் புடிங்க, நனையறா” என்று என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் நேரே கிழக்கு அறைக்குள் போனாள்.

ஜோஸ்வா அவள் பின்னே ஓடினான். நான் கதவருகில் நின்றேன். அவள் சுவரின் நடுவில் கையை வைத்தாள். பிறகு மூலையில். பிறகு குனிந்து அடியில். நெடுநேரம் வைத்திருந்தாள். ஜோஸ்வாவுக்குப் பொறுக்கவில்லை.

“ஈரமா?”

அவள் கையைத் திருப்பிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. என் மருமகள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஐயா. நீங்கள் உங்கள் காதால் கேட்டிருக்க வேண்டும்.

“ஈரமிருந்தா என்னங்க? கழட்டிப் பாத்துட்டு மறுக்கா மாட்டிக்கலாம். இப்ப இது நம்ம செவுருதானுங்களே!”

சொல்லிவிட்டு ஃபெபியை என்னிடமிருந்து வாங்கிச் சுவரோரமாய்க் கிடத்தினாள். மழை இன்னும் பெய்துகொண்டிருக்கிறது. குழந்தை தூங்குகிறது.

இருவரும் உடல்நலம் பேணுங்கள்.

என்றும் அன்புடன்,
புஷ்பலதா